சென்னை – அகமதாபாத்: ரெண்டேகால் மணி நேரம்

உன் வாசனை இன்று காலை என் வீட்டுக்குள் வந்துவிட்டது. முழங்கால் வலிக்கு நீ தேய்த்துக்கொள்ளும் பச்சைத் தைலத்தின் வாசனை. செய்தித்தாள் சுற்றிய நீளமான சுருள் ஒன்றை உன் மகன் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான்கு நாள் ஆகிறது, வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறார்களாம். "ஆஸ்பத்திரில இருக்கசொல்லவே அப்பா சொல்லிட்டாரு அங்கிள். இந்த மேப்பு வாச்சுக்குத்தான், வேற யார் கைலயும் குடுக்காதன்னு," என்றான். வாச்சு என்பது நான். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

பிரிக்கும் முன்பே எனக்குத் தெரியும். உன் கூடத்துச் சுவரில் இத்தனை வருடம் தொங்கிய இந்திய வரைபடம்தான் அது. தைலம் தேய்த்த கையோடு அதைத் தொட்டுத் தொட்டுப் பேசுவாய். தாளே தைலம் குடித்துப் பழுப்பாகிவிட்டது.

உயிரோடு இருந்தவரை உன்னை நான் ‘நீங்கள்’ என்றுதான் அழைத்தேன். நீ என்னைவிட இரண்டு வயது மூத்தவன், வேலையிலும் மேலே இருந்தவன். அந்த மரியாதையை இந்த மடலின் முதல் வரியிலேயே எடுத்துவிட்டேன். எழுதும்போது கை தயங்கியது. அடித்துவிட்டு ‘உங்கள்’ என்று மாற்றலாமா என்றும் யோசித்தேன். மாற்றவில்லை.

நம் குடியிருப்போர் சங்கத்தில் உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நிறையப் பேர் வந்திருந்தார்கள். எதற்கும் தயங்காத மனிதர் என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். பழைய சிநேகிதன் என்று என்னையும் பேச அழைத்தார்கள். எழுந்து நின்று "நல்ல மனிதர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அது பொய் என்று சொல்லும்போதே தெரியும். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எதையும் வரிசையாகச் சொல்வதுதான் என் பழக்கம். ஆகவே அம்பத்தூரிலிருந்து தொடங்குகிறேன்.

தொழிற்பேட்டையில் நம் தொழிற்சாலையில் நான் நேர ஆய்வுப் பிரிவு. கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் எழுதும் அட்டை. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பக்கத்தில் நின்று அளந்து எழுதவேண்டும். நீ லேத் பிரிவின் சூப்பர்வைசர். என்னை ‘வாச்சு’ என்று முதலில் கூப்பிட்டவன் நீதான். ஒரே வாரத்தில் தொழிற்சாலை முழுக்க அதுவே என் பெயராயிற்று. இன்று உன் மகன் வாயிலும் அதுதான் இருக்கிறது.

ஜாப்பை, அதாவது கடையவேண்டிய இரும்புத் துண்டை, தூக்கி லேத்தில் ஏற்றி இறுக்க மூன்று நிமிடம். நேராக நிற்கிறதா என்று பார்க்க ஒன்று. எந்திரம் ஓடிக் கடைவது ஆறு. இறக்கி வைத்து இரும்புச் சுருளைத் தட்டிச் சுத்தம் செய்ய இரண்டு. ஆகப் பன்னிரண்டு நிமிடம் என்று நான் எழுதிக் கொடுப்பேன். நீ தாளை வாங்கி அந்த ஆறை மட்டும் விரலால் தொடுவாய். "ஓடுற நேரம்தான்யா நேரம். மீதியெல்லாம் இவனுங்க சோம்பேறித்தனம்." ஆறை வைத்தே அன்றைய இலக்கைப் பலகையில் எழுதுவாய். ஆட்கள் எட்டமுடியாமல் திணறுவார்கள். திட்டு எனக்கு விழும், ஏனென்றால் கடிகாரம் என் கழுத்தில்தான் தொங்கியது.

அந்தத் தாளின் அடியில் இரண்டு கோடுகள் இருக்கும். இடப்பக்கம் ஆய்வாளர் கையெழுத்து, வலப்பக்கம் சூப்பர்வைசர் கையெழுத்து. இரண்டும் விழுந்தால்தான் தாள் செல்லும். மற்ற பிரிவுகளில் விழுந்தது. இருபத்தாறு வருடத்தில் உன் பிரிவில் ஒரு தாளில்கூட விழவில்லை. விடுப்பு விண்ணப்பம், கேன்டீன் சீட்டு என்று வேறு எது நீட்டினாலும் சிவப்புப் பென்சிலால் இன்ஷியல் போட்டு, தேதி போட்டு, ரயில்வேக்காரர்கள் மாதிரி இருபத்துநாலு மணிக் கணக்கில் நேரமும் போட்டுக் கொடுப்பாய். என் தாளை மட்டும் நான்காக மடித்து என் சட்டைப் பையிலேயே செருகுவாய். "வெச்சுக்கோ வாச்சு, பேத்திக்குக் கப்பல் செஞ்சு குடு," என்பாய். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நீ செய்த முதல் கெடுதல் அது. கையெழுத்து விழாத கணக்கை மற்றவர்கள் நம்பாதது பெரிதில்லை. நாளாக ஆக நானே நம்பாமல் போனேன். பன்னிரண்டு என்று எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய், எங்கேயாவது தவறியிருப்பேனோ என்று மறுபடி கூட்டிப் பார்ப்பேன். பன்னிரண்டுதான் வரும். ஆனாலும் மறுநாள் உன் முன்னால் நிற்கும்போது அது ஆறாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிடும்.

ஓய்வு பெற்ற பிறகாவது உன்னை விட்டு விலகியிருக்கலாம். நெமிலிச்சேரியில் மனை மலிவாகக் கிடைக்கிறது என்று நீ வாங்கினாய். நீ சொன்னாய் என்று அடுத்த தெருவில் நானும் வாங்கினேன். மாலையில் ஸ்டேஷன்வரை நடை, வாசலில் டீ. உன் மகள் டெல்லிக்குப் போனாள். நீ முதல் தடவை விமானம் ஏறினாய். திரும்பி வந்த வாரமே இந்த வரைபடத்தை வாங்கிச் சுவரில் மாட்டினாய். சென்னையிலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சிவப்பு நூல். நூல் போய் முட்டும் இடத்தில் ஒரு சின்னச் சீட்டு, மேல்விளிம்பில் மட்டும் பசை தடவி ஒட்டியது. அதில் விமான நேரம். டெல்லி 2.45. கொல்கத்தா 2.20. மும்பை 1.50. அகமதாபாத் 2.15. நீ போகாத ஊர்களுக்கும் ஒட்டினாய். வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் அதன்முன் நிறுத்தினாய்.

டீக்கடையிலும் அதே பேச்சு. "பட்டாபிராம்ல பஸ் ஏறி நீ பூந்தமல்லில எறங்கசொல்ல, நான் டெல்லில எறங்கி டீ குட்ச்சினு இருப்பேன்," என்று ஒருநாள் சொன்னாய். டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அண்ணாத்தே, ஏர்போர்ட்டு இன்னா உன் ஊட்டு மொட்டமாடிலயா கீது?" கடையே சிரித்தது. நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடம் நான் தாள் தாளாக எழுதியதை அந்த மனிதர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். உன்னிடம் அப்படி ஒரு வரி பேச எனக்கு ஏன் வரவில்லை என்று அன்று நடந்து திரும்பும்போது யோசித்தேன்.

என் தங்கை விஜயாவை உனக்குத் தெரியும். அவள் கல்யாணத்துக்கு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தவன் நீ. மாப்பிள்ளைக்கு அகமதாபாத்தில் ஒரு மில் அலுவலகத்தில் வேலை. அவள் போனபோது இருபத்திரண்டு வயது. கூடப்பிறந்தது நாங்கள் இருவர்தான். வான்வழியில் ஆயிரத்து முந்நூற்று எழுபது கிலோமீட்டர் என்று நீ நூலை வைத்து அளந்து சொல்வாய். ரயிலில் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல்: ஒரு பகல், ஒரு இரவு, மறுபடி ஒரு பகல். நான் அந்த ரயிலில் போய்ப் பழகியவன். எந்த ஸ்டேஷனில் என்ன கிடைக்கும் என்பதுகூட எழுதி வைத்திருக்கிறேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால், தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விஜயா பேசினாள். சிறுநீரகம் இரண்டும் போய், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டிருந்தார்கள். குரல் மெலிந்திருந்தது. "அண்ணா, ஒருதரம் வந்து பாத்துட்டுப் போயேன். ரொம்பத் தள்ளிப்போடாத," என்றாள். அறுபத்தெட்டு வயதுவரை அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அன்றே தட்கலில் திங்கட்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன். பெட்டியில் நாலு சட்டை, இரண்டு வேட்டி, மாத்திரை. செவ்வாய் மாலை அவள் எதிரில் இருப்பேன்.

ஞாயிறு மாலை நீ வந்தாய். புதன்கிழமை வெள்ளானூரில் உன் மகன் வாங்கிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். பந்தியை நான்தான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. இலை எத்தனை, யார் எந்தப் பந்தி, சாம்பார் எப்போது தீரும் என்பதெல்லாம் அட்டையில் எழுதி நடத்துவது எனக்கு வரும், உனக்கு வராது. மூலையில் இருந்த என் பெட்டியைப் பார்த்தாய். "இன்னா வாச்சு, எங்க கெளம்பிகினு கீற?" என்றாய். சொன்னேன். உன் முகத்தில் விஜயாவைப் பற்றிய கவலை ஒரு கணம் வந்தது, அதை மறுக்கமாட்டேன். அடுத்த கணமே பந்தி வந்துவிட்டது.

"முப்பத்தி ரெண்டு மணி நேரம் ரயில்ல குந்திகினு போய் நீ படுத்துக்கினா உன்ன யாருயா பாக்கறது? உன் தங்கச்சியா? ரெண்டேகால் மணி நேரம். புதங்கெழம முடிச்சிக்கோ. வியாழன் காலைல நானே ஏத்தி வுடறேன். நடுவுல எதுனா ஒண்ணுன்னாலும் ரெண்டேகால் மணி நேரம்தானே?"

டிக்கெட்டை ரத்து செய்தது என் விரல்தான். நீ பக்கத்தில் நின்று எந்தப் பொத்தானை அமுக்கவேண்டும் என்று காட்டினாய். விஜயாவுக்குப் போன் செய்து வியாழக்கிழமை வருகிறேன் என்றேன். "சரிண்ணா" என்றாள்.

புதன்கிழமை இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, பத்து ஐம்பதுக்கு, விஜயாவின் மகன் சங்கர் கூப்பிட்டான். "அம்மா போய்ட்டாங்க மாமா. இப்பதான், பத்தரைக்கு." அவன் அழவில்லை, அடுத்தடுத்துச் சொல்லவேண்டியதைச் சொன்னான். "சாயந்தரம் எடுத்துடலாம்னு பெரியவங்க சொல்றாங்க. பொறந்த வீட்டுக் கோடி நீங்கதான் போடணும். எத்தன மணிக்கு வரமுடியும்னு சொல்லுங்க மாமா. முடியாதுன்னா நாளைக்குக் காலைல வச்சுக்கறோம்."

அவன் சொன்ன கடைசி வாக்கியத்தை நான் தெளிவாகக் கேட்டேன். பெண் எந்த ஊரில் போய் வாழ்ந்தாலும், கடைசியாக அவள் மேல் விழவேண்டியது பிறந்த வீட்டுப் புடவை. அதைக் கொண்டுபோக எங்கள் வீட்டில் மிச்சமிருந்தவன் நான் ஒருவன். காலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் முகத்தைப் பார்த்தே உனக்கு விஷயம் புரிந்துவிட்டது. போனை என் கையிலிருந்து வாங்கினாய்.

"தம்பி, நான் மாமாவோட ஃப்ரண்டு பேசறேன். கவலப்படாத. ரெண்டேகால் மணி நேரம்தான். அஞ்சு மணிக்கு ஒங்க மாமா ஊட்டு வாசல்ல நிப்பாரு. என் நம்பர எய்திக்கோ. எதுனா டவுட்டுன்னா எனக்கு அடி."

அதற்கு அப்புறம்தான் விமானம் எத்தனை மணிக்கு இருக்கிறது என்று உன் மகன் பார்த்தான். மூன்று நாற்பதுக்கு ஒன்று. ஐந்து ஐம்பத்தைந்துக்குப் போய்ச் சேரும். "அஞ்சு இல்லன்னா அஞ்சரை, ஆறு. இன்னா இப்போ?" என்றாய். பந்தியில் யாரோ ரசம் கேட்டார்கள். நீ அந்தப் பக்கம் போனாய்.

சமையல் அண்டாக்களுக்குப் பக்கத்தில் நின்று, பந்திப் பட்டியலுக்கு அடுத்த தாளில் நான் கணக்குப் போட்டேன். பதினொன்று இருபத்தைந்துக்குக் கிளம்பினால், ஆவடியில் புடவை வாங்க இருபது நிமிடம். பருத்திப்பட்டு, சென்னீர்குப்பம் சிக்னல், பூந்தமல்லி, குன்றத்தூர், பல்லாவரம் தாண்டி விமான நிலையம் ஒன்றரைக்கு. காத்திருப்பு இரண்டு மணி பத்து நிமிடம். பறப்பது இரண்டேகால். இறங்கி வெளியே வர அரைமணி. மாலை நெரிசலில் வீடுவரை ஐம்பத்தைந்து நிமிடம். வாசல்: 7.20. இருட்டும் முன் எடுத்துவிடுவார்கள்; அந்த ஊரில் சூரியன் நம்மூரைவிடக் கால்மணிக்கு மேல் தாமதமாக மறையும் என்பதையும் எழுதினேன். அப்படியும் ஒரு மணி நேரம் உதைத்தது. 7.20க்கு இரட்டை அடிக்கோடு போட்டேன்.

அதை உன்னிடம் காட்டவில்லை. கார் வந்ததும் பந்தி அட்டையை உன் கையில் கொடுத்தேன்; அந்தத் தாளும் அதிலேயே இருந்தது. அடுத்த பந்திக்கு இன்னும் பதினைந்து இலை வேண்டும் என்றேன். "நீ கெளம்பு வாச்சு, நான் பாத்துக்கறேன்," என்றாய். அந்தத் தாள் எச்சில் இலைகளோடு குப்பைக்குப் போயிருக்கும் என்றுதான் ஏழு வருடமாக நினைத்திருந்தேன்.

குங்குமச் சிவப்பில் மஞ்சள் கரை போட்ட புடவை. கடைப் பெண் ஜாக்கெட் துணி சேர்த்து வெட்டட்டுமா என்று கேட்டாள்; பணத்தை எண்ணி வைத்தேன். விமான நிலையத்துக்கு ஒன்று இருபத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். என் கணக்கில் இரண்டு நிமிடம் பிசகு.

இனி எழுதப்போவது என் குற்றம். மறைக்கமாட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். போன் கையில் இருந்தது. சங்கரைக் கூப்பிட்டு ஏழு இருபது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். இரண்டு தடவை எண்ணை எடுத்து வைத்துவிட்டேன். நான் ஏழு இருபது என்று சொல்லி, அவர்கள் காலைக்குத் தள்ளிவைத்து, நான் ஆறரைக்கே போய் நின்றுவிட்டால்? ஒரு இரவு முழுக்க அவளை ஐஸ் பெட்டியில் வைத்ததற்கு என் தப்புக் கணக்கு காரணமாகிவிடாதா? உன் குரல் அத்தனை உறுதியாக அஞ்சு என்றது. என் தாளில் உன் கையெழுத்து இல்லை. மூன்றாம் தடவை அழுத்தியேவிட்டேன். லைன் பிஸியாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த நிம்மதியை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

விமானம் பத்து நிமிடம் முன்னதாகவே இறங்கியது. விமானி அதைப் பெருமையாக அறிவித்தார். பறந்தது இரண்டு மணி ஐந்து நிமிடம்தான். நீ சொன்னதைவிடக் குறைவு. பிறகு நிறுத்த இடமில்லாமல் இருபது நிமிடம் ஓரமாக நின்றது. அந்த இருபது நிமிடத்தை யாரும் அறிவிக்கவில்லை. போனைப் போட்டேன். சங்கரின் தவறிய அழைப்புகள் ஆறு. கூப்பிட்டு, இப்போதுதான் இறங்கினேன் என்றேன். "குளிப்பாட்டித் தூக்கி வச்சாச்சு மாமா. இருட்டறதுக்குள்ள எடுத்தாகணும்ங்கறாங்க," என்றான்.

ஏழு இருபத்தைந்துக்கு வாசலில் நின்றேன். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத்தரையில் என் செருப்புத் தடம் பதிந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைத்துனர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து என் கையிலிருந்த பையையே பார்த்தார். சங்கர் தலை மழித்து வந்திருந்தான். அவனுக்குக் கோபம் இல்லை என்பதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

"ஏழரைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காலைல எடுத்திருப்போமே மாமா. நாலு மணிக்குக்கூட, குளிப்பாட்டறதுக்கு முன்னாடி, உங்க ஃப்ரண்டுக்குப் போட்டுக் கேட்டேன். ஏறிட்டாரு தம்பி, ரெண்டேகால் மணி நேரம்தான், அஞ்சரைக்கெல்லாம் வந்துடுவாருன்னு சொன்னாரு."

யார் வீட்டுக் கோடி போட்டீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"யாருதும் போடல மாமா. பக்கத்து வீட்டு அம்மா கொண்டுவந்தாங்க. மாமா வந்துகிட்டிருக்காரு, வேணாம்னுட்டேன்."

ஊர் திரும்பிய மறுநாள் டீக்கடையில் நீ எனக்காகக் காத்திருந்தாய். தோளில் கை வைத்தாய். துக்கம் விசாரித்தாய். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஃப்ளைட்டு எவ்ளோ நேரம் ஆச்சு வாச்சு?" என்றாய். "ரெண்டு மணி அஞ்சு நிமிஷம்," என்றேன். நீ டீக்கடைக்காரர் பக்கம் திரும்பினாய். "பாத்தியா? நான் சொன்னதவுட கம்மி."

டீக்கடைக்காரர் உன்னைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அன்று என் டீயில் அவர் சர்க்கரை போட மறந்துவிட்டார். நான் அதையும் சொல்லாமல் குடித்தேன்.

அதற்கப்புறம் ஏழு வருடம் உன்னோடு மாலை நடை வந்தேனே, எப்படி என்று நீ யோசித்திருக்கிறாயா? சொல்கிறேன். நீ அறியாமல் செய்தாய் என்று முடிவு கட்டியிருந்தேன். ஓடுகிற நேரத்தைத் தவிர வேறு நேரம் இருப்பதே தெரியாத மூடன், லேத்தையும் விமானத்தையும் ஒன்றாகப் பார்த்தவன், நாலு மணிக்குச் சங்கரிடம் சொன்னதும் அந்த மூடத்தனம்தான் என்று நினைத்தேன். மூடனை மனதுக்குள் திட்டலாம். பக்கத்தில் நடக்கவும் நடக்கலாம். என் மனைவி போன பிறகு எனக்கு வேறு யார் இருந்தார்கள்? நீ எதையோ மறைக்கிறாய் என்று ஒரே ஒரு தடவைதான் தோன்றியது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு "வாச்சு, அந்த அகமதாபாத்து…" என்று ஆரம்பித்தாய். நர்ஸ் வந்தாள். அவள் போனதும் இட்லியில் உப்பில்லை என்று பேச்சை மாற்றிவிட்டாய்.

இன்று காலை வரைபடத்தை மேசைமேல் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்து, வழக்கம்போல ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். மற்ற சீட்டுகள் தட்டையாகக் கிடந்தன. அகமதாபாத் சீட்டு மட்டும் தூக்கிக்கொண்டிருந்தது. விரலால் உயர்த்தினேன். அடியில் நான்காக மடித்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது.

என் தாள். பதினொன்று இருபத்தைந்து, சென்னீர்குப்பம் சிக்னல், காத்திருப்பு, பறப்பது, வாசல் 7.20, இரட்டை அடிக்கோடு. ஓரத்தில் சாம்பார்க் கறை. கீழே வலப்பக்கம், சூப்பர்வைசர் கோடு இருக்கவேண்டிய இடத்தில், சிவப்புப் பென்சிலில் உன் இன்ஷியல். அன்றைய தேதி. 13.50.

நான் விமான நிலையத்தில் போய் உட்கார்ந்து இருபத்திரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது அப்போது.

ஆக, நீ படித்தாய். கூட்டிப் பார்த்தாய். சரி என்று கண்டாய். இல்லாவிட்டால் நீ கையெழுத்துப் போடுகிற ஆளில்லை. அதற்கு அப்புறம் இரண்டு மணி பத்து நிமிடம் கழித்து, நாலு மணிக்கு, சங்கர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டான். கையெழுத்துப் போட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சரை என்றாய். கிரகப்பிரவேசத்துக்கு வந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி அஞ்சு மணி என்று சொல்லிவிட்டாய்; அதை எப்படித் திரும்ப எடுப்பாய்? உன் ஒரு வார்த்தை பொய்யாகக்கூடாது என்பதற்காக என் தங்கை பிறந்த வீட்டுத் துணியில்லாமல் போனாள். ஒன்று ஐம்பதுக்கு என்னையாவது கூப்பிட்டு, உன் கணக்கு சரிதான் வாச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே நான் சங்கரைக் கூப்பிட்டிருப்பேன். உன் வாயிலிருந்து அதைக் கேட்க இருபத்தாறு வருடம் காத்திருந்தவன் நான்.

இந்தத் தாளை நீ கிழித்துப் போட்டிருக்கலாம். ஏழு வருடம் சீட்டுக்கு அடியில் ஒட்டிவைத்து, நான் வந்து உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே தொங்கவிட்டிருந்தாய். கடைசியில், நான் எதிர்த்து ஒன்றும் கேட்கமுடியாத இடத்துக்கு நீ போய்ச் சேர்ந்த பிறகு, மகன் கையில் கொடுத்தனுப்பினாய். இதை நீ மன்னிப்புக் கேட்பதாக நினைத்திருப்பாய். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மூடன் என்று நினைத்து உன்னோடு ஏழு வருடம் நடந்தேன். அந்த நடையையும் இன்று காலை நீ என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாய். நான் மிகையாகப் பேசுகிறேனோ என்று இப்போதும் ஒரு சந்தேகம் வருகிறது. இதுவரை எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். மிகை இல்லை.

வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன். நாளை உன் மகனிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஏன் என்று கேட்டால் சுவரில் இடமில்லை என்று சொல்வேன். அவனிடம் சொல்ல எனக்கு வேறு எதுவும் இல்லை.

தாளை மட்டும் எடுத்துக்கொண்டேன். பீரோவில், ஆவடிக் கடையின் பை கசங்காமல் இருக்கிறது. பைக்குள் குங்குமச் சிவப்புப் புடவை, வாங்கிய மடிப்பு கலையாமல். சங்கர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் மாமா என்றுவிட்டான். வருடத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் உலர்த்தி மறுபடி அதே மடிப்பில் வைக்கிறேன். அந்தப் பையில் வைக்கத்தான் தாளை எடுத்தேன். வைக்கும் முன் ஒன்று கண்ணில் பட்டது. இடப்பக்கம், ஆய்வாளர் கையெழுத்து இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. அன்றைக்கு அவசரத்தில் நான் போடவில்லை. அவசரம் என்று சொல்வதும் பொய்யாக இருக்கலாம்.

மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். பேனாவில் மை இருக்கிறதா என்று ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தேன். பிறகு என் முழுப் பெயரையும் எழுதி, இன்றைய தேதியைப் போட்டு, உன்னைப் போலவே நேரத்தையும் போட்டேன். 11.25.

இரண்டு கையெழுத்தும் விழுந்துவிட்டன. இனி இந்தத் தாள் செல்லும்.